ஓடும் ஃபெரியின் மேல் நிகர விசை எவ்வளவு?

படிவம் நான்கில் இயற்பியல் எடுத்துவிட்டு டியூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பட்டர்வொர்த்தில் கிளம்பிய ஃபெரி பினாங்குத் தீவின் ஜோர்ஜ்டவுனை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. நடுக்கடலில் நேர்க்கோட்டில், கூடாமல் குறையாமல் ஒரே வேகத்தில் போகிறது. அதன் மேல் செயல்படும் எல்லா விசைகளையும் கூட்டிக் கழித்தால் மிச்சம், அதாவது நிகர விசை, எவ்வளவு? அது எந்தப் பக்கம் இருக்கும்?

"முன்பக்கம் சார், எஞ்சின்தான் தள்ளுதே" என்று பெரும்பாலும் பதில் வரும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இதையே சொல்வார்கள்.

விடை பூஜ்யம். எஞ்சின் சுழலி ஃபெரியை முன்னால் தள்ளுகிறது. கடல்நீரும் காற்றும் அதைப் பின்னால் தடுக்கின்றன. இரண்டும் சம அளவு. கீழே இழுக்கும் எடையும் மேலே தூக்கும் மிதப்பு விசையும் அதேபோல் சமம். மிச்சம் எதுவும் இல்லை. "மிச்சமே இல்லையென்றால் ஃபெரி எப்படி நகர்கிறது?" என்று அடுத்த கேள்வி வரும். வர வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் நியூட்டனின் மூன்று விதிகளில் பாதி முடிந்தது. புரியாவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்து, எண்களைப் போட்டு, ஏதோ ஒரு விடையை எழுதிவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

நம் அனுபவம் சொல்லித் தருவது வேறு. மேசையைத் தள்ளினால் நகர்கிறது, கையை எடுத்தால் நின்றுவிடுகிறது. ஆகவே நகர்வதற்கு விசை வேண்டும், விசை போனால் நகர்வும் போய்விடும் என்று மனது கணக்குப் போட்டுக்கொள்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் அப்படித்தான் நினைத்தார். அவருக்குப் பின் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுகள் படித்தவர்களில் பலரும் அப்படியே நினைத்தார்கள். மேசை நின்றதற்குக் காரணம் கையை எடுத்தது மட்டும் அல்ல என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. தரையின் உராய்வு அதைப் பின்னால் பிடித்து நிறுத்தியது. அதாவது மேசையை நிறுத்தவும் ஒரு விசை தேவைப்பட்டது.

இத்தாலியின் கலிலியோ உருண்டைகளைச் சரிவில் உருட்டிப் பார்த்தார். ஒரு சரிவில் இறங்கும் உருண்டை எதிர்ச்சரிவில் ஏறும்போது, ஏறக்குறைய கிளம்பிய உயரம் வரை போய்விட்டுத்தான் நிற்கும். எதிர்ச்சரிவின் சாய்வைக் குறைக்கக் குறைக்க, அதே உயரத்தை எட்ட அது இன்னும் அதிக தூரம் ஓட வேண்டும். எதிர்ச்சரிவை முழுக்கப் படுக்க வைத்துவிட்டால்? எட்ட வேண்டிய உயரம் என்று ஒன்று இல்லை. உராய்வும் இல்லாவிட்டால் உருண்டை நிற்கக் காரணமே இல்லை. 1632-இல் வெளியான நூலில் அவர் ஒரு கப்பலையும் உதாரணம் காட்டினார். ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கப்பல் சீராகப் போகிறதா, நிற்கிறதா என்று எந்தச் சோதனை செய்தாலும் தெரியாது என்றார். நம் ஃபெரியில் இதைச் செய்து பார்க்கலாம். அலை இல்லாத நேரத்தில், கப்பல் சீராகப் போகும்போது இருபது சென் காசு ஒன்றைக் கையிலிருந்து நழுவ விடுங்கள். நேரே காலடியில் விழும், பின்னால் போய் விழாது. காசும் ஃபெரியின் வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தது. கையை விட்டதும் அந்த வேகத்தை இழக்க அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

நியூட்டன் 1687-இல் இதை முதல் விதியாக எழுதினார். நிகர விசை இல்லாவிட்டால் நிற்கும் பொருள் நின்றபடியே இருக்கும், ஓடும் பொருள் அதே வேகத்தில் நேர்க்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். விசை இயக்கத்தை உண்டாக்குவதில்லை, இயக்கத்தை மாற்றுகிறது. இனி வரும் எல்லாமே இந்த ஒரு வரியின் விரிவுதான்.

ஃபெரி கிளம்பும் நேரத்தைப் பாருங்கள். சுழலி தள்ளுகிறது, வேகம் குறைவு என்பதால் நீரின் தடையும் குறைவு. முன்பக்கம் மிச்சம் இருக்கிறது, வேகம் கூடுகிறது. வேகம் கூடக் கூட நீரின் தடையும் கூடும். ஒரு கட்டத்தில் தடை வளர்ந்து தள்ளும் விசையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் வேகம் கூடாது. அதுவரை சேர்த்த வேகம் அப்படியே இருக்கும். ஜெட்டி நெருங்கும்போது எஞ்சினைத் தணிக்கிறார்கள், இப்போது தடையின் கை ஓங்குகிறது, வேகம் குறைகிறது.

மழைத்துளிக்கும் இதே கதைதான். 2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் துளியைக் காற்று தடுக்காவிட்டால் அது தரையைத் தொடும்போது நொடிக்கு கிட்டத்தட்ட 200 மீட்டர் வேகத்தில் வரும். மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல். பினாங்கு மழையில் குடையில்லாமல் நடந்தால் உடம்பில் ஓட்டை விழுந்திருக்கும். உண்மையில் பெரிய துளிகூட நொடிக்கு 9 மீட்டர் அளவோடு நின்றுவிடுகிறது. காற்றின் தடை எடைக்குச் சமமானதும் நிகர விசை பூஜ்யம், அப்புறம் வேகம் மாறாது.

பையில் கட்டிய தேத்தண்ணி

வேகம், திசைவேகம், முடுக்கம் என்ற மூன்றையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வேகம் என்பது எவ்வளவு விரைவு என்பது மட்டும். திசைவேகத்தில் திசையும் சேரும். திசைவேகம் மாறும் வீதம் முடுக்கம். வேகம் கூடினாலும் முடுக்கம்தான், குறைந்தாலும் முடுக்கம்தான். வேகம் மாறாமல் திசை மட்டும் திரும்பினாலும் முடுக்கம்தான். கடைசியில் சொன்னதைப் பிள்ளைகள் உடனே ஒத்துக்கொள்வதில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முடுக்கத்தைக் கண்ணால் பார்க்க ஒரு கருவி நம் எல்லாரிடமும் இருக்கிறது. கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டுக் கொடுக்கும் தேத்தண்ணியை வாங்கி, காருக்குள் ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியில் மாட்டுங்கள். கார் நின்றால் பை நேராகத் தொங்கும். கார் வேகம் பிடிக்கும்போது பை பின்னால் சாயும். நெடுஞ்சாலையில் ஏறி 90-இல் சீராகப் போகும்போது? பலர் 'பின்னால் சாய்ந்தே இருக்கும்' என்பார்கள். இருக்காது, வீட்டு வாசலில் நின்றபோது தொங்கியதுபோலவே நேராகத் தொங்கும். பிரேக் போட்டால் முன்னால் சாயும். வேகம் எவ்வளவு என்று அந்தப் பைக்குத் தெரியாது, மாற்றம் மட்டும்தான் தெரியும். நொடிக்கு நொடி வேகம் 2 மீட்டர் கூடினால் பை செங்குத்திலிருந்து சுமார் 11.5 பாகை சாயும். கோணத்தை அளந்தால் முடுக்கத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். போனுக்குள் இருக்கும் முடுக்கமானியும் சாராம்சத்தில் இதே வேலையைத்தான் செய்கிறது, தேத்தண்ணி இல்லாமல்.

இரண்டாம் விதி இதற்கு அளவு சொல்கிறது: நிகர விசை = நிறை × முடுக்கம். நிறை கிலோகிராமில், முடுக்கம் மீட்டர்/நொடி² என்ற அலகில், விசை நியூட்டனில். ஒரு நியூட்டன் எவ்வளவு என்று தெரிய 100 கிராம் பொருளை உள்ளங்கையில் வையுங்கள். கையை அது அழுத்துவது ஏறக்குறைய ஒரு நியூட்டன்.

ஒரு கப்சாயும் (சிறிய மோட்டார் சைக்கிள்) ஓட்டுபவரும் சேர்ந்து 160 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமிக்ஞை விளக்கு பச்சையானதும் 7 நொடியில் மணிக்கு 50 கிலோமீட்டரை எட்டுகிறார். 50 என்பது நொடிக்கு 13.9 மீட்டர். முடுக்கம் ஏறக்குறைய 2, நிகர விசை 160 × 2 = 320 நியூட்டன். பின்னால் 60 கிலோ நண்பர் ஏறினால் மொத்தம் 220 கிலோ. அதே 320 நியூட்டன் இப்போது 1.45 முடுக்கம்தான் தரும், 50-ஐ எட்ட ஒன்பதரை நொடி ஆகும். சூத்திரத்தில் 'நிகர' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். சக்கரம் உண்மையில் தரும் விசை 320-ஐவிட அதிகம். காற்றும் உராய்வும் தின்றது போக மிச்சம்தான் 320. தேர்வுத் தாளில் மதிப்பெண் போகும் இடங்களில் இது ஒன்று.

லிப்டில் ஒரு தராசு

நிறையும் எடையும் வேறு. நிறை என்பது பொருளில் உள்ள சரக்கு, பூமியிலும் நிலவிலும் ஒன்றே. எடை என்பது புவி அதை இழுக்கும் விசை. 60 கிலோ மனிதரின் எடை 60 × 9.8 = 588 நியூட்டன். குளியலறைத் தராசு உங்கள் எடையை நேரடியாக அளப்பதில்லை. உங்களைத் தாங்க அது எவ்வளவு விசையோடு மேலே தள்ளுகிறது என்பதைக் கிலோவாக மாற்றிக் காட்டுகிறது.

ஜோர்ஜ்டவுனின் கொம்தார் அறுபது மாடிக்கும் மேல் உயர்ந்த கட்டடம். அதன் லிப்டுக்குள் தராசைப் போட்டு 60 கிலோ மனிதர் ஒருவர் ஏறி நிற்கிறார் என்று வையுங்கள். (உண்மையிலேயே செய்தால் கூட ஏறுபவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.) லிப்ட் 1 மீட்டர்/நொடி² முடுக்கத்தில் மேலே கிளம்பினால், எடையைச் சமன் செய்வதோடு அவரை முடுக்கவும் வேண்டியிருக்கிறது. தராசு தள்ள வேண்டியது 588 + 60 = 648 நியூட்டன்; முள் 66 கிலோவைக் காட்டும். சில நொடிகளில் லிப்ட் முழு வேகத்தைப் பிடித்துவிடும். இருபது மாடி, முப்பது மாடி என்று விரைந்து ஏறிக்கொண்டிருக்கும்போது முள் எங்கே நிற்கும்? 60-இல். வேகம் எவ்வளவாக இருந்தாலும் அது மாறாதவரை 60 தான். மேல்மாடி நெருங்கி லிப்ட் வேகத்தைக் குறைக்கும்போது முள் 60-க்குக் கீழே இறங்கும். வயிற்றுக்குள் ஏதோ எழும்புகிற உணர்வு கிளம்பும்போதும் நிற்கும்போதும் மட்டும் வருவது இதனால்தான்.

பாலிக் பூலாவ் வளைவுகள்

ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலைப்பாதையில் போயிருப்பவர்களுக்கு இது உடம்பால் தெரிந்த பாடம். கார் இடப்பக்கம் வளையும்போது உள்ளே இருப்பவர் வலப்பக்கம் சரிகிறார். ஏதோ ஒன்று அவரை வெளியே தள்ளுகிறது என்று தோன்றும். தள்ளுவது எதுவும் இல்லை. அவர் உடம்பு முதல் விதிப்படி நேராகப் போகப் பார்க்கிறது. கார்தான் அவருக்குக் கீழே இடப்பக்கம் திரும்பிவிட்டது. வலப்பக்கக் கதவு வந்து தோளில் முட்டி அவரை இடப்பக்கம் தள்ளிய பிறகுதான் அவரும் வளைகிறார். உண்மையான விசை வளைவின் உட்பக்கம் நோக்கி இருக்கிறது.

காரை உட்பக்கம் தள்ளுவது யார்? டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. வேறு யாரும் இல்லை. தேவைப்படும் விசை நிறை × வேகத்தின் வர்க்கம் ÷ வளைவின் ஆரம். 'வர்க்கம்' என்பதுதான் ஆபத்து. 40-இல் எடுக்கும் வளைவை 60-இல் எடுத்தால் வேகம் ஒன்றரை மடங்குதான், தேவைப்படும் விசையோ இரண்டேகால் மடங்கு. சாலை காய்ந்திருந்தால் உராய்வு அதைத் தந்துவிடலாம். நெடுநாள் வெயிலுக்குப் பின் மழை தொடங்கும் முதல் சில நிமிடங்களில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு குழைந்திருக்கும்போது, தர முடியாமல் போகலாம். அப்போது கார் முதல் விதிக்குக் கட்டுப்பட்டு நேராகப் போகும். நேரே இருப்பது பள்ளத்தாக்கு.

பிரேக்குக்கும் இதே வர்க்கம்தான். நல்ல சாலையில் நொடிக்கு 7 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று கொண்டால், 50-இல் போகும் கார் பிரேக் பிடித்தபின் ஏறக்குறைய 14 மீட்டரில் நிற்கும். 100-இல் போனால் 55 மீட்டர். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் எல்லையான 110-இல் 67 மீட்டர். பிரேக்கை மிதிக்க எடுக்கும் ஒரு நொடியில் கடந்த 31 மீட்டர் இதில் சேரவில்லை. ஈரச் சாலையில் பிடிப்பு பாதியானால் 67 என்பது 133 ஆகும்.

தைப்பூசத் தேங்காய்

தைப்பூசத்துக்கு முன்தினம் பினாங்கு வெள்ளி ரதம் தண்ணீர்மலையை நோக்கிப் போகும் வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். குவியல் குவியலாக, சாலை நனைகிற அளவுக்கு. தேங்காய் ஏன் உடைகிறது என்பதற்கு "வேகமாக எறிவதால்" என்ற பதில் பாதிதான் சரி. அதே வேகத்தில் மணல் குவியலில் எறிந்தால் உடையாது.

உரித்த தேங்காய் 600 கிராம், எறியும் வேகம் நொடிக்கு 12 மீட்டர் என்று கொள்வோம். நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம்: 0.6 × 12 = 7.2. தரையில் பட்டதும் இந்த உந்தம் முழுவதும் போக வேண்டும். எவ்வளவு நேரத்தில் போகிறது என்பதுதான் விசையைத் தீர்மானிக்கும், ஏனென்றால் விசை என்பது உந்தம் மாறும் வீதம். கெட்டியான தார்ச்சாலையில் அது நொடியில் இருநூறில் ஒரு பங்கில் நின்றால், விசை 7.2 ÷ 0.005 = 1,440 நியூட்டன். கிட்டத்தட்ட 147 கிலோ எடையை ஓட்டின் ஒரு சிறு புள்ளியில் ஏற்றியதற்குச் சமம். உடையாமல் என்ன செய்யும்? மணலில் அது புதைந்து பத்தில் ஒரு நொடி எடுத்து நின்றால், விசை வெறும் 72 நியூட்டன். உந்தம் அதே 7.2 தான், நிற்கும் நேரம் இருபது மடங்கு.

தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் நுரை இந்த நேரத்தை நீட்டத்தான் இருக்கிறது. வெளி ஓடு கெட்டியாக இருந்தால் போதும் என்று நினைத்து, நுரை நசுங்கிப் போன பழைய கவசத்தை மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

மாடு இழுக்க, ரதமும் இழுக்க

மூன்றாம் விதியை எல்லாரும் ஒப்பிப்பார்கள்: ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு. ஒப்பித்து முடித்ததும் நான் அதே வெள்ளி ரதத்தைக் கேட்பேன். அதைக் காளைகள் இழுக்கின்றன. காளை ரதத்தை எவ்வளவு முன்னால் இழுக்கிறதோ, ரதமும் காளையை அவ்வளவு பின்னால் இழுக்கிறது. இரண்டும் சமம், எதிரெதிர். அப்படியானால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ரதம் நகரவே கூடாதே?

இரண்டு விசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வேண்டுமானால் அவை ஒரே பொருளின் மேல் இருக்க வேண்டும். இங்கே ஒன்று ரதத்தின் மேல், மற்றது காளையின் மேல். ரதம் நகருமா என்று தெரிய ரதத்தின் மேல் உள்ளவற்றை மட்டும் பாருங்கள்: காளையின் இழுப்பு முன்னால், சக்கரங்களின் உராய்வு பின்னால். இழுப்பு அதிகமானால் ரதம் கிளம்பும். காளைக்குத் தனிக் கணக்கு: அது குளம்பால் சாலையைப் பின்னால் உதைக்கிறது, சாலை அதை முன்னால் தள்ளுகிறது, ரதம் பின்னால் இழுக்கிறது. சாலையின் தள்ளல் ரதத்தின் இழுப்பை மிஞ்சினால் காளையும் கிளம்பும். முழு ஊர்வலத்தையும் முன்னால் தள்ளுவது கடைசியில் சாலைதான். தேங்காய்த் தண்ணீர் வழிந்து வழுக்கும் இடத்தில் காளை எவ்வளவு பலசாலியாக இருந்தும் பயனில்லை. ஒவ்வொரு பொருளையும் தனியாக வரைந்து, அதன் மேல் வரும் அம்புகளை மட்டும் போடச் சொல்வது இதற்காகத்தான். சோம்பலில் இந்தப் படத்தைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள்.

வடத்தால் இழுக்கப்பட்டு மலையேறும் பினாங்கு கொடிமலை ரயிலில் இந்தப் படம் நன்றாக உதவும். 1923 முதல் ஓடும் இந்த ரயில் 2010 வரை பாதி வழியில் இறங்கிப் பெட்டி மாற வேண்டிய பயணமாக இருந்தது. இப்போது சுமார் 2 கிலோமீட்டர் ஒரே ஓட்டம். வடத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பெட்டி. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும், நடுவில் விலகிக்கொள்ளும். பெட்டிகளின் சொந்த எடை ஒன்றையொன்று சமன் செய்துவிடுவதால் மோட்டார் முக்கியமாகத் தூக்க வேண்டியது ஆட்களின் எடை வித்தியாசத்தை. ஏறும் பெட்டியில் 100 பேர், ஆளுக்கு 60 கிலோ. இறங்கும் பெட்டி காலி. சரிவு 20 பாகை என்று கொள்வோம். 6,000 கிலோவின் எடையில் சரிவு வழியே இழுக்கும் பகுதி 6,000 × 9.8 × 0.34, ஏறக்குறைய 20,000 நியூட்டன். ரயில் சீரான வேகத்தில் ஏறும்போது உராய்வை விட்டுப் பார்த்தால் மோட்டார் தர வேண்டியது சரியாக அவ்வளவுதான், ஒரு நியூட்டன்கூட அதிகம் வேண்டாம். வேகம் பிடிக்கும் முதல் சில நொடிகளில்தான் கூடுதல் தேவை.

இனி உங்களுக்கு ஒரு கேள்வி. தக்ரோ பந்தை நேராக மேலே எறிகிறீர்கள். உச்சியை எட்டி, ஒரு கணம் நின்று, கீழே திரும்புகிறது. அந்த ஒரு கணத்தில் வேகம் பூஜ்யம். நிகர விசை?

பூஜ்யம் என்று எழுதியிருந்தால் படத்தை வரைந்து பாருங்கள். கையை விட்டபின் பந்தைத் தொடுவது காற்று மட்டும். உச்சியில் வேகமே இல்லாததால் அதன் தடையும் இல்லை. எடை மட்டும் கீழ்நோக்கி அப்படியே இருக்கிறது. முடுக்கம் 9.8, கீழ்நோக்கி. அது இல்லாமல் இருந்திருந்தால் பந்து அங்கேயே தங்கியிருக்கும்.